ஆலத்தியூர்: மண்ணும் ஆட்சியும்



1994ஆம் ஆண்டில் செந்துறைக்கு அருகிலுள்ள ஆலத்தியூரில் ஒரு குழந்தை பிறந்திருக்குமாயின், அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் குழந்தை. மறு ஆண்டு, 1995இல், திருச்சிராப்பள்ளி மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது அக்குழந்தை பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமாயிற்று. குழந்தையும் அரியலூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2002 மார்ச் 31 அன்று அம்மாவட்டம் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாக உருப்பெற்றது. பதின்மூன்று வயதுக்குள், பிறந்த வீட்டின் வாசற்படியைத் தாண்டாமலேயே, நான்கு முறை மாவட்டம் மாறிய பிள்ளை அது!

சிரிப்புக்குரிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சான்றிதழ்களோடு வாழும் குடும்பங்களுக்கு இது சிரிப்பன்று. அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டம். தம்பியின் சான்றிதழில் வேறொரு மாவட்டம். குடும்ப அட்டையில் மூன்றாவது. கடவுச் சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, "இவற்றுள் எது சரி?" என்று வீட்டார் திகைக்கின்றனர். எல்லாமே சரிதான். அந்தந்த நாளில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அதுவே அந்தந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கின்றது. பழைய சான்றிதழைப் பிழையென்று கருதி எவரும் தூக்கி எறிந்துவிடலாகாது.

மாவட்டம் மாறிற்று, ஊர் மாறவில்லை. மேலேயுள்ள கோடுகளைத் தலைநகரத்தில் இருப்போர் வரைகின்றனர். கீழேயுள்ள ஊராட்சியோ, அங்கே வாழ்வோரின் கையில் இருக்கின்றது. அல்லது இருக்க வேண்டும். ஒரு சிற்றூரின் நிலமும் ஆட்சியும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை இம்மாதம் ஆலத்தியூரை முன்னிறுத்திப் பார்ப்போம்.

கடல் கிடந்த மண்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் என்று ஓர் ஊராட்சி ஒன்றியம் உண்டு, அது வேறு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் திரூருக்கு அருகே ஓர் ஆலத்தியூர் உண்டு, அதுவும் வேறு. நாம் பேசும் ஆலத்தியூர் அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டத்தின் வடபகுதியில் உள்ளது. அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கே கொள்ளிடம்; வடக்கே வெள்ளாறு. வெள்ளாற்றுக்கு அப்பால் கடலூர் மாவட்டம். சென்னையிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் இருப்புப் பாதை செந்துறையையும் அரியலூரையும் தொட்டுக்கொண்டு போகின்றது.

இப்பகுதியில் கரிசல் மண்ணும் உண்டு, செம்மண்ணும் உண்டு. கரிசலில் பருத்தியும் மக்காச் சோளமும் விளைகின்றன. செம்மண்ணில் முந்திரி செழிக்கின்றது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் மானாவாரி உழவனின் கை வெறுங்கைதான்.

ஆனால் இம்மண்ணின் பெருஞ்செல்வம் அதன் மேலே இல்லை, அடியில் இருக்கின்றது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரம் முழுவதும் கடல். அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் பிற உயிர்களும் மடிந்து படிந்து, காலப் போக்கில் இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. 19ஆம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு, ஸ்டாலிஸ்கா முதலிய நிலவியல் அறிஞர்கள் இப்பகுதியின் பாறைகளையும் புதைபடிவங்களையும் ஆராய்ந்து எழுதினர். அது முதல் அரியலூர் என்னும் பெயர் உலகின் நிலவியல் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. அரியலூருக்கு அருகே வாரணவாசியில் இப்போது புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்ட வேண்டிய இடம்.

அந்தச் சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டுக்கு மூலப் பொருள். அதனாலேயே அரியலூர் மாவட்டத்தில் பல சிமெண்ட் ஆலைகள் அமைந்தன. ஆலத்தியூரில் 1997ஆம் ஆண்டு, அப்போது மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரிலும் இப்போது ராம்கோ சிமெண்ட்ஸ் என்ற பெயரிலும் விளங்கும் நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. நாம் வீடு கட்டும்போது கொத்தனார் பிரித்துக் கொட்டும் மூட்டையில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடலின் துகள் இருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டு ஏணிகள்

சரி, இந்த ஊரை ஆள்வது யார்? நம்மில் பெரும்பாலோர் "பஞ்சாயத்துத் தலைவர்" என்று சொல்லி முடித்துவிடுவோம். உண்மையில் ஒவ்வொரு சிற்றூரின் மேலும் இரண்டு ஏணிகள் சாத்தி வைக்கப்பட்டுள்ளன.

ஒன்று வருவாய்த் துறையின் ஏணி. அதன் முதற்படியில் கிராம நிர்வாக அலுவலர். அடுத்து வருவாய் ஆய்வாளர். அடுத்து செந்துறையில் வட்டாட்சியர். பின்னர் வருவாய்க் கோட்டாட்சியர். உச்சியில் மாவட்ட ஆட்சியர். இவர்கள் அனைவரும் அரசால் நியமிக்கப்படுவோர். பட்டா, சிட்டா, நில அளவை, வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை இந்த ஏணியில் ஏறித்தான் கிடைக்கும். முற்காலத்தில் கர்ணமும் மணியக்காரரும் பரம்பரையாக இந்த முதற்படியில் அமர்ந்திருந்தனர். தந்தைக்குப் பின் மகன் என்றிருந்த அம்முறையைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் பதவி அதன் பின்னரே நிலைபெற்றது.

மற்றொன்று உள்ளாட்சியின் ஏணி. முதற்படியில் கிராம ஊராட்சி. நடுவில் ஊராட்சி ஒன்றியம். மேலே மாவட்ட ஊராட்சி. அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா. பழூர் என ஆறு ஒன்றியங்கள் உள்ளன. இந்த ஏணியில் ஏறுவோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர். ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் கட்சிச் சின்னமின்றித் தேர்ந்தெடுக்கின்றோம். ஒன்றிய, மாவட்ட உறுப்பினர்களைக் கட்சிச் சின்னத்துடன் தேர்ந்தெடுக்கின்றோம்.

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், ஊருக்குள் உள்ள சாலை, தெருத் துப்புரவு, இடுகாடு சுடுகாட்டுப் பராமரிப்பு ஆகியவை கிராம ஊராட்சியின் கடமைகள் என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வரையறுக்கின்றது. வீட்டு வரி வாங்குவதும் அதுவே. கபரஸ்தானுக்குச் செல்லும் பாதையில் விளக்கு எரியவில்லையெனில் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அதே கபரஸ்தானின் எல்லையை அளந்து தர வேண்டுமெனில் ஊராட்சித் தலைவரிடம் முறையிட்டுப் பயனில்லை. வருவாய்த் துறையின் நில அளவைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று அறியாமல் அலைந்தே எத்தனையோ குடும்பங்களின் நாட்களும் பேருந்துக் கட்டணமும் வீணாகின்றன.

இவ்விரு ஏணிகளின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கலாம். ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் அடங்கலாம். தேர்தல் தொகுதியின் எல்லையோ இன்னும் வேறு. செந்துறைப் பகுதி மாவட்டத்தால் அரியலூர். ஆனால் சட்டமன்றத்துக்குக் குன்னம் தொகுதி. அத்தொகுதியின் தலைமையூராகிய குன்னமோ பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிப்பதோ சிதம்பரம் தொகுதியில்! ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று திசைகளை நோக்க வேண்டிய நிலை. இதில் குழப்பமடைவோரைக் குறை கூறுவதற்கில்லை.

சுண்ணாம்புக் கல் யாருக்கு?

ஊருக்கு அடியில் இவ்வளவு செல்வம் இருக்க, அதில் ஊராட்சிக்கு என்ன பங்கு என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். இந்த ஒரு கேள்வியின் மேல் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் முப்பத்தைந்து ஆண்டுகள் இடைவெளியில் இரு பெருந்தீர்ப்புகளை வழங்கியிருக்கின்றது. அதன் தொடக்கம் தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டமே என்பது பலர் அறியாத செய்தி.

1958ஆம் ஆண்டின் பழைய ஊராட்சிகள் சட்டத்தில் 115ஆவது பிரிவு, நில வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு வீதம் உள்ளாட்சிக்கென ஒரு மேல்வரி விதித்தது. 1964இல் செய்யப்பட்ட திருத்தம், கனிமம் தோண்டுவோர் அரசுக்குச் செலுத்தும் ராயல்டி என்னும் உரிமைத் தொகையையும் நில வரியோடு சேர்த்துக் கணக்கிட வழி செய்தது. சுண்ணாம்புக் கல் எடுத்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இதனை எதிர்த்து வழக்காடியது. 1989 அக்டோபர் 25 அன்று எழுவர் அடங்கிய நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பதே ஒரு வரி. அதன் மேல் மாநிலம் மற்றொரு வரி விதிக்க இயலாது என்று கூறி, அந்த மேல்வரி செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. வழக்கு ஒன்பது நீதிபதிகளின் முன் சென்றது. 2024 ஜூலை 25 அன்று, எண்மர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, ராயல்டி வரியன்று. கனிமம் உள்ள நிலத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு உண்டு என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கருத்து மாற்றப்பட்டது. இதையடுத்துத் தமிழ்நாடு அரசும் கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை இயற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. எனினும் இவ்வரி செல்வது மாநிலக் கருவூலத்துக்கு; பழைய மேல்வரியைப் போல் உள்ளாட்சிக்கென விதிக்கப்பட்டதன்று.

அப்படியானால் சுரங்கத்தின் புழுதியைச் சுவாசிக்கும் ஊர்களுக்கு எதுவுமே இல்லையா? உண்டு. 2015ஆம் ஆண்டில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்று அமைய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுண்ணாம்புக் கல் போன்ற பெருங்கனிமங்களைத் தோண்டுவோர், அத்திருத்தத்துக்கு முன்னரே குத்தகை பெற்றவராயின் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்கு ஈடான தொகையையும், அதன் பின்னர் ஏலத்தில் பெற்றவராயின் 10 விழுக்காட்டுக்கு ஈடான தொகையையும் ராயல்டிக்கு மேலாக இந்த அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கே அதன் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும் என்பது விதி. மாவட்ட ஆட்சியர் இதற்குத் தலைவர்.

பணம் இருக்கின்றது, விதியும் இருக்கின்றது. ஆனால் "எங்கள் ஊரின் குடிநீர்த் தொட்டிக்கு இத்தொகையிலிருந்து ஒதுக்குங்கள்" என்று ஊரார் தீர்மானம் இயற்றிக் கேட்காவிட்டால், ஆட்சியரின் மேசைக்கு அந்தத் தேவை எவ்வாறு தெரியவரும்? கேட்கும் ஊர் முந்திக்கொள்ளும். கேளாத ஊர் பின்தங்கிவிடும்.

மற்றொரு வாய்ப்பும் உண்டு. பெரிய சுரங்கமோ ஆலையோ புதிதாகத் தொடங்கவும் விரிவாக்கவும் சுற்றுச்சூழல் அனுமதி கோரும்போது, 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். முப்பது நாட்களுக்கு முன்னரே செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் மாநில மொழியில் வைக்கப்பட வேண்டும். அக்கூட்டத்தில் எவர் எழுந்து பேசினாலும் அது பதிவாக வேண்டும். வேலை வாய்ப்பு வேண்டும் என்போரும் பேசலாம். நிலத்தடி நீர் என்னாகும் என்போரும் பேசலாம். கல்லெடுத்து முடிந்த பள்ளத்தை எவ்வாறு செம்மைப்படுத்துவீர்கள் என்றும் கேட்கலாம். சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்கூட்டியே தருவது சட்டப்படியான கட்டாயம் என்பதை மறவாதீர்கள்.

காளியும் அல்கால்தேயும்

ஊரார் கூடிப் பேசி முடிவெடுப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஸ்பெயின் நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகள் உள்ளன. நகராட்சி என்றதும் பெரிய நகரங்களை எண்ணிக்கொள்ள வேண்டா. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை ஆயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர்கள். அத்தகைய சிற்றூர்களுக்கும் ஒரு மன்றமும் ஒரு தலைவரும் உண்டு. அத்தலைவரை அவர்கள் 'அல்கால்தே' என்று அழைக்கின்றனர். செவிக்குப் பழகிய ஓசையாகத் தோன்றுகின்றதல்லவா? அரபு மொழியின் 'அல்காளீ' என்னும் சொல்லே அது. அந்தலுஸில் நீதி வழங்கிய காளியின் பெயர், 1492இல் கிரனாடா வீழ்ந்து ஐந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், ஸ்பெயினின் ஒவ்வோர் ஊர்த் தலைவரின் பதவிப் பெயராக வழங்கி வருகின்றது. சிற்றூரைக் குறிக்கும் 'அல்தேயா', வாய்க்காலைக் குறிக்கும் 'அசெக்கியா' ஆகிய சொற்களும் அரபியிலிருந்து சென்றவையே.

அந்நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மிகச் சிறிய ஊர்களுக்குத் 'திறந்த மன்றம்' என்றொரு முறையையும் ஏற்கின்றது. அங்கே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்குரிமை உள்ள அனைவருமே மன்றத்தின் உறுப்பினர்கள். தலைவரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவற்றை ஊரே கூடி முடிவு செய்கின்றது. முன்னர் நூறு பேருக்கும் குறைந்த ஊர்களுக்கு இது பொது விதியாக இருந்தது. 2011இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், மரபாக அவ்வாறு நடத்திவந்த ஊர்களும் விரும்பித் தேர்ந்துகொள்ளும் ஊர்களும் இதனைப் பின்பற்றுகின்றன.

நம்மிடம் அதற்கு நிகரானது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

ஆளில்லாத நாற்காலியும் ஆளுள்ள சபையும்

தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். 2022ஆம் ஆண்டு முதல் மார்ச் 22ஆம் நாளும் நவம்பர் 1ஆம் நாளும் சேர்க்கப்பட்டு ஆறு நாட்களாயின. ஊரின் மக்கள் தொகைக்கேற்பக் குறைந்த அளவு வருகையும் வரையறுக்கப்பட்டுள்ளது. 500 பேர் வரையுள்ள ஊருக்கு 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். ஊராட்சியின் வரவு செலவை அறிவதும், தணிக்கை அறிக்கையைக் கேட்பதும், ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பதும், பயனாளிகள் பட்டியலைச் சரிபார்ப்பதும் இச்சபையின் உரிமைகள்.

இச்சபையின் அருமை, தலைவர் இல்லாத காலத்தில்தான் நன்கு விளங்கும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக் காலம் முடிந்த பின், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2019 டிசம்பரில் அரியலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக் காலமும் 2025 ஜனவரி 5 அன்று நிறைவுற, மீண்டும் தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் ஓர் அதிகாரி பல ஊராட்சிகளைக் கவனிக்க நேரும்போது, எந்தத் தெருவில் குழாய் உடைந்தது என்று அவருக்கு எவ்வாறு தெரியும்? தலைவரின் நாற்காலி வெறுமையாயினும் கிராம சபை கலைவதில்லை. அதற்குப் பதவிக் காலம் கிடையாது. ஊர் உள்ளவரை அதுவும் உண்டு.

ஆயினும் பல ஊர்களில் நடப்பதென்ன? விடுமுறை நாள் என்று வீட்டில் இருந்துவிடுகின்றோம். சிலர் கையொப்பம் மட்டும் இட்டுவிட்டுப் போகின்றனர். எழுதப்பட்ட தீர்மானம் என்னவென்று படித்துப் பார்ப்பவர் சிலரே. பிறகு ஆண்டு முழுவதும் தேநீர்க் கடையில் அமர்ந்து குறை கூறுகின்றோம்.

நம் இல்லங்களின் நிலை இன்னும் சற்று வேறானது. ஆண்கள் பலர் கடல் கடந்து பொருள் ஈட்டச் சென்றிருக்க, வீட்டையும் வரியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வோர் பெண்களே. குடிநீர் வராத நாளின் துன்பம் குடம் சுமப்பவருக்கே தெரியும். உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்கி 2016இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆகவே கிராம சபையில் ஒரு தாயோ சகோதரியோ எழுந்து, "எங்கள் தெருவுக்கு இத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, இதைத் தீர்மானமாக எழுதுங்கள்" என்று கேட்பது எவரும் அளிக்கும் சலுகையன்று, அவர்தம் உரிமை.

வாசக நேயர்களே! உங்கள் ஊர் ஆலத்தியூராக இல்லாதிருக்கலாம். ஆனால் உங்கள் ஊருக்கும் இரண்டு ஏணிகள் உண்டு; ஒரு கிராம சபையும் உண்டு. இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதச் சொல்லுங்கள். நம் வருவாய்க் கிராமம் எது? நம் ஊராட்சி எது, ஒன்றியம் எது? நம் வார்டு எண் என்ன? அடுத்த கிராம சபை எந்நாளில், எவ்விடத்தில்? நகரில் வாழ்வோர் கிராம சபைக்குப் பதிலாகத் தம் வார்டு உறுப்பினரின் பெயரையும் நகராட்சி அலுவலகத்தையும் எழுதிக்கொள்ளட்டும். பட்டதாரிப் பிள்ளைகள்கூடச் சில வரிகளில் தடுமாறக் காண்பீர்கள்.

அந்தத் தாளை வீட்டு வரி ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த சபை நாளன்று, வீட்டுக்கு ஒருவராவது சென்று, ஒரே ஒரு தேவையையாவது எழுத்தில் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மாவட்டத்தின் பெயர் நாளை மீண்டும் மாறினாலும், அந்த வரி அங்கேயே இருக்கும்.